புது ஆறும் பழைய டாலர் குறியும்

போன வாரம் பேரன் வந்திருந்தான். இணையப் பக்கங்கள் செய்யும் வேலைதான் அவனுக்கு. சும்மா இருக்க விடுவேனா? "என் வலைப்பதிவு கைப்பேசியில் பார்த்தால் பக்கவாட்டில் வழிகிறதாம், நாலு பேர் சொல்லிவிட்டார்கள், சரிபண்ணிக் கொடு" என்று மடிக்கணினியை அவனிடம் நீட்டினேன். திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"தாத்தா, உங்க வார்ப்புருவில ஒரு வரி இருக்கு. தேனீன்னு ஒரு எழுத்துருவை எங்கேயிருந்தோ கூப்பிடுது. அந்த முகவரியில இப்ப ஒண்ணுமே இல்ல. எடுத்துடவா?"

"அதை மட்டும் தொடாதே" என்றேன்.

"எதுக்கு? எந்த உலாவியும் இப்ப அதைப் படிக்கிறதுகூட இல்லையே."

உடனே பதில் சொல்ல வரவில்லை. சொல்லத் தொடங்கினால் அது இருபது வருஷக் கதை. சாப்பிட்ட பிறகு சொன்னேன். அவன் கேட்ட பொறுமையைப் பார்த்து, உங்களிடமும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

நான் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து 2003ல் ஓய்வு பெற்றவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அடுத்த வருஷமே இந்த வலைப்பதிவைத் தொடங்கினேன். அந்த நேரத்தில் தமிழில் வலைப்பதிகிறவர்கள் ஒரு பெரிய கல்யாணப் பந்தியில் அடங்கிவிடுவார்கள். 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைக் கொண்டுவந்த பிறகுதான் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிப்பது சுலபமாயிற்று. இலவசமாக இடம் கொடுத்த பிளாக்கர் 1999ல் பிறந்தது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியிருந்தது. நம்மில் பெரும்பாலோர் அங்கேதான் குடியேறினோம்.

குடியேறியவுடன் கையில் கொடுப்பது ஒரு வார்ப்புரு. டெம்ப்ளேட் என்பதற்கு அப்போது சிலர் வார்ப்புரு என்றோம், சிலர் அடைப்பலகை என்றார்கள். எங்கள் அலுவலகத்தில் மதகுகளுக்கு மாதிரி வரைபடம் என்று ஒன்று இருக்கும். கண்களின் எண்ணிக்கை, அகலம், தரைமட்டம் எல்லாம் வெறுமையாக விட்டிருக்கும். எந்த வாய்க்காலுக்கு வேண்டுமோ அதன் அளவை நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். வார்ப்புருவும் அதே சங்கதி. பக்கத்தின் தோற்றம் முழுவதும் அதில் எழுதியிருக்கும். தலைப்பு வர வேண்டிய இடத்திலும் பதிவு வர வேண்டிய இடத்திலும் மட்டும் ஒரு குறி போட்டிருக்கும்.

அந்தக் காலத்துக் குறியில் ஒரு வேடிக்கை. கோண அடைப்பு, அதற்குள் ஒரு டாலர் குறி, பிறகு 'பிளாக்ஐட்டம்பாடி' என்பது போல ஒரு பெயர், மறுபடி ஒரு டாலர், அடைப்பை மூடு. பார்ப்பதற்கு எச்.டி.எம்.எல். மாதிரி இருக்கும், எச்.டி.எம்.எல். கிடையாது. பிளாக்கரின் கணினி அந்த டாலர்களைப் பார்த்து, அங்கே என் பதிவைக் கொண்டுவந்து ஒட்டிப் பக்கமாக்கும். வார்ப்புருவில் ஒரு எழுத்தை மாற்றினாலும் எல்லாப் பக்கங்களையும் மறுபடி 'ரீபப்ளிஷ்' செய்ய வேண்டும். திரையில் சதவிகிதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். டயல்-அப் இணைப்பு வேறு. நடுவில் யாராவது தொலைபேசியை எடுத்துவிட்டால் தொலைந்தது.

ஆனால் அந்தப் பழைய வார்ப்புருவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தப்பைப் பொறுத்துக்கொள்ளும். திறந்த குறியை மூட மறந்தாலும், மேற்கோள் குறியை விட்டுவிட்டாலும் ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டிவிடும். என்னைப் போன்ற அறுபது வயதுக்காரர்கள் துணிந்து கைவைத்தது அதனால்தான்.

இனி தமிழ் விஷயம். 1990களின் கடைசியில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. இணைய இதழ் ஒவ்வொன்றும் 'எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கும். ஒன்றின் 'அ' இருந்த எண்ணில் இன்னொன்றுக்கு 'கு' இருக்கும். திஸ்கி என்று ஒரு பொது ஏற்பாடு, 1999 சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் என்று இரண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, உலகத்து எழுத்துகள் அனைத்துக்கும் ஆளுக்கொரு நிரந்தர எண் என்று யூனிகோடு வந்தது. அதில் 1991ல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் நம் வீட்டுக் கணினிகளுக்கு அது வந்து சேர ரொம்ப நாளாயிற்று. விண்டோஸ் 2000ல்தான் லதா என்ற எழுத்துருவோடு தமிழ் வந்தது. எக்ஸ்பியில்கூடக் குறுந்தட்டைப் போட்டு ஒரு கட்டத்தில் 'டிக்' அடித்தால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். விண்டோஸ் 98 வைத்திருப்பவர்களுக்கு யூனிகோடு தமிழ் எழுத்துருவே கிடையாது. அவர்கள் பார்த்தால் வரிசை வரிசையாகக் கட்டம்தான்.

அந்த நாளில் பாதிப் பேர் விண்டோஸ் 98காரர்கள்தான். முக்கியமாக என் கடைசித் தம்பி.

அவன் அப்போது மஸ்கட்டில் இருந்தான். ஒரே அறையில் ஆறு பேர், ஆறு பேருக்கும் பொதுவாக ஒரு பழைய கணினி. 2005 மாசி மாதம் எங்கள் அம்மா போய்ச் சேர்ந்தாள். அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பதினாறு முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, அம்மாவைப் பற்றி ஒரு நீளமான பதிவு எழுதினேன். குறுவை நாற்று பறிக்கும்போது வரப்பில் நின்றுகொண்டு ஆட்களுக்கு மோர் ஊற்றுவாள். கூலி நெல் அளக்கும்போது மரக்காலைத் தலைதட்டாமல் கும்பாச்சியாக விடுவாள். இதெல்லாம் அதில் இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் பதிவை வாசகர்களுக்காக எழுதவில்லை. தம்பிக்காக எழுதினேன். கடிதமாக எழுத மனசு வரவில்லை.

தொலைபேசியில் முகவரியைச் சொன்னேன். மறுநாள் கூப்பிட்டான்.

"அண்ணே, தலைப்புல தேதி மட்டும் தெரியுது. மீதியெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு."

மூன்று பக்கம் கட்டம். அவன் அதைக் கடைசிவரை உருட்டிப் பார்த்திருக்கிறான். "எவ்வளவு நீளம்னு மட்டும் பார்த்தேண்ணே" என்றான்.

அன்று இரவே என் பதிவிலேயே புலம்பி வைத்தேன். பின்னூட்டத்தில் ஒரு நண்பர், "ஐயா, உங்கள் மாவட்டத்துக்காரர் செய்த மருந்து இருக்கிறதே, வார்ப்புருவில் தேனீயைச் சேர்த்துப் பாருங்கள்" என்று சொல்லி நாலு வரி நிரலை ஒட்டியிருந்தார்.

அந்த மருந்தைச் செய்தவர் அதிராம்பட்டினம் உமர் தம்பி. 1953ல் பிறந்தவர், வளைகுடாவில் வேலை பார்த்தவர். தமிழ்க் கணிமைக்காகச் சின்னச் சின்னதாக நிறையக் கருவிகள் செய்து விலையில்லாமல் கொடுத்தவர். அவருடைய தேனீ ஓர் இயங்கு எழுத்துரு. அதாவது படிக்கிறவர் எதையும் இறக்கி நிறுவ வேண்டாம். பக்கத்தைத் திறந்தால் எழுத்துருவும் கூடவே வந்து, அந்தப் பக்கத்துக்கு மட்டும் உதவிவிட்டுப் போய்விடும்.

இந்த யோசனை அவருடைய கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன். 1997ல் நெட்ஸ்கேப் ஒரு வழியையும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்புளோரர் 4 இன்னொரு வழியையும் கொண்டுவந்தன. ஒன்றின் கோப்பு மற்றதில் வேலை செய்யாது. நெட்ஸ்கேப் அடுத்த பெரிய பதிப்பில் தன் வழியைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்டின் இ.ஓ.டி. கோப்பு மட்டும் தங்கியது. 'ஃபாண்ட்-ஃபேஸ்' என்ற கட்டளையைப் பக்க அலங்கார மொழியான சி.எஸ்.எஸ். தன் 1998ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்துக்கொண்டு, 2.1 பதிப்பில் வேண்டாம் என்று நீக்கிவிட்டது. நாங்கள் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலத்தில் அது விதிப்புத்தகத்தில் திரிசங்கு நிலையில் இருந்தது. எக்ஸ்புளோரர் தவிர எந்த உலாவியும் அதை மதிக்கவில்லை.

தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் பலவும் இயங்கு எழுத்துருவைத்தான் நம்பியிருந்தன. ஆனால் அவை தத்தம் சொந்தக் குறியீட்டில் எழுதி, சொந்த எழுத்துருவை அனுப்பிவைத்தன. உமர் தம்பி யூனிகோடுக்கு இயங்கு எழுத்துரு செய்தார். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாலு வரியை வார்ப்புருவில் ஒட்டினேன். ஃபாண்ட்-ஃபேஸ் என்று தொடங்கி, சுருள் அடைப்புக்குள் எழுத்துருவின் பெயர், அது இருக்கும் முகவரி, பிறகு பதிவின் உடலுக்கு அந்தப் பெயரைச் சூட்டும் வரி. ரீபப்ளிஷ் அழுத்திவிட்டு மஸ்கட்டுக்குத் தொலைபேசினேன். தம்பியின் அறையில் எக்ஸ்புளோரர் 6 இருந்தது நல்லதாகப் போயிற்று. முதலில் கட்டம் வந்ததாம். "அண்ணே, இரு இரு" என்றான். பிறகு ஒன்றும் பேசவில்லை. கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தமிழானதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டு அழைப்புக்கு நிமிஷக் கணக்கில் காசு. இருந்தாலும் நான் வைக்கவில்லை. கடைசியில், "மரக்கால் கும்பாச்சியை எழுதியிருக்கேண்ணே" என்றான். அவ்வளவுதான். அறையில் மற்றவர்களும் படித்தார்களாம். மன்னார்குடிப் பையன் ஒருவன் எழுந்து வெளியே போய்விட்டானாம்.

அதற்குப் பிறகு வார்ப்புருப் பைத்தியம் பிடித்தது எனக்கு. 2004 மே மாதம் பிளாக்கர் அழகழகாகப் புது வார்ப்புருக்கள் வெளியிட்டிருந்தது. அதில் மினிமா என்பது எல்லோருக்கும் பிடித்தது. அதன் தலைப்பில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடச் சொல்லி ஒரு கட்டளை இருக்கும். ஆங்கிலத்துக்கு அது எடுப்பாக இருந்தது. தமிழில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றது. இரண்டு ஓரமும் நேராக இருக்கட்டும் என்று 'ஜஸ்டிஃபை' போட்டவர்களுக்கு ஃபயர்பாக்ஸில் இதே கதி. உயிரும் மெய்யும் உடைந்து எழுத்துகள் சிதறிவிடும். 2008ல் ஃபயர்பாக்ஸ் 3 வந்துதான் அந்த வியாதி தீர்ந்தது. அதுவரை, "தயவுசெய்து ஜஸ்டிஃபையை எடுங்கள்" என்று ஒருவர் பதிவில் இன்னொருவர் பின்னூட்டம் போட்டபடியே இருந்தோம்.

2006 வந்தது. அந்த வருஷம் ஜூலை 11ஆம் தேதியோடு விண்டோஸ் 98க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. மறுநாள், ஜூலை 12, உமர் தம்பி காலமானார். ஐம்பத்துமூன்று வயது. இரண்டு செய்திக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் என் மனதில் அவை சேர்ந்தே இருக்கின்றன. அதிராம்பட்டினம் எனக்குப் பழகிய பக்கம். கல்லணைக் கால்வாயிலிருந்து பிரியும் ராஜாமடம் வாய்க்கால் அந்தப் பக்கம்தான் போகிறது. அந்த வாய்க்காலின் வரைபடங்களை எத்தனையோ முறை படியெடுத்திருக்கிறேன். அந்தக் கடைமடையில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. 2010ல் கோவை செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள் என்று படித்தபோது, பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரம்தானே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அதே 2006 ஆகஸ்டில் 'புதிய பிளாக்கர்' சோதனைக்கு வந்தது. டிசம்பரில் எல்லோருக்கும் திறந்தார்கள். டாலர் குறிகள் போயின. புது வார்ப்புரு எக்ஸ்.எம்.எல். என்ற கறாரான மொழியில் இருந்தது. பழையது தாத்தா வாத்தியார் என்றால் இது டிரில் மாஸ்டர். திறந்த குறி ஒவ்வொன்றையும் மூட வேண்டும். வரி முறிக்கும் குறிக்குக்கூட உள்ளேயே ஒரு சாய்கோடு போட்டு மூட வேண்டும். முகவரிகளில் வரும் 'அண்ட்' குறியை அப்படியே எழுதக் கூடாது, ஐந்து எழுத்தாக விரித்து எழுத வேண்டும். ஒரே ஒரு இடத்தில் பிசகினாலும் சேமிக்க மறுத்துவிடும்.

பதிவின் தலைப்பைக் கூப்பிட 'டேட்டா' என்று தொடங்கும் குறி. அதே தலைப்பையோ முகவரியையோ இன்னொரு குறிக்கு உள்ளே பண்பாகப் போட வேண்டும் என்றால் அந்தக் குறி செல்லாது. அங்கே 'எக்ஸ்பிஆர்' என்று ஒரு முன்னொட்டு வைத்து வேறு மாதிரி எழுத வேண்டும். தமிழ்மணத்தின் கருவிப்பட்டை இந்த இடத்தில்தான் எல்லோரையும் படுத்தியது. பழைய நிரல் டாலர் பாஷை பேசும். புதியதற்கு வேறு நிரலை வாங்கி ஒட்ட வேண்டும். இன்னொரு விசித்திரமும் உண்டு. நிறம், எழுத்துரு போன்ற மாறிகளை அலங்காரப் பகுதிக்குள் குறிப்புரையாக எழுதியிருப்பார்கள். உலாவி அதைக் குறிப்புரை என்று தாண்டிப் போகும், பிளாக்கர் மட்டும் அதைப் படிக்கும். தேவையில்லாத உரை என்று நினைத்து அதை நீக்கியவர்களின் பக்கம் நிறமிழந்து நிற்கும்.

ஆனாலும் பிளாக்கர் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது. மாறு என்று யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. டாலர் வார்ப்புரு வைத்திருந்தவர்கள் அப்படியே இருக்கலாம். மாறியவர்களும் திரும்பிப் போகலாம். 2020ல் பக்கத்தை மறுபடி புதுப்பித்தபோதும், 'முதல் தலைமுறை' பழைய வார்ப்புருவுக்குத் திரும்ப ஒரு வழி பட்டியலின் ஓரத்தில் இருந்தது. இதைத்தான் பேரனின் தொழிலில் பின்னோக்கிய இணக்கம் என்கிறார்கள். புதியது வந்தாலும், பழையதை நம்பி எழுதியது உடையக் கூடாது.

நான் மாறினேன். மாறுவதற்கு முன் பழைய வார்ப்புருவைப் படியெடுத்து வைத்துக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். முப்பத்தைந்து வருஷம் வரைபடங்களோடு வாழ்ந்தவன், மூலப்படியைக் கழித்துக்கட்டும் முன் நகல் எடு என்று இளையவர்களுக்குப் பாடம் நடத்தியவன், அன்று ஒரு அவசரத்தில் பொத்தானை அழுத்திவிட்டேன். பக்கவாட்டுச் சுட்டிகள் போயின. எண்ணிக்கைக் கருவி போயிற்று. புதுத் தோற்றம் பளபளவென்று இருந்த மகிழ்ச்சியில் வேறு எதுவும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் மஸ்கட்டிலிருந்து அழைப்பு.

"அண்ணே, மறுபடி கட்டம்."

அம்மா நினைவு நாளுக்கு அந்தப் பதிவைத் திறந்திருக்கிறான். தேனீயின் நாலு வரியும் பழைய வார்ப்புருவோடு போய்விட்டது எனக்கு உறைத்தது. யாரைக் குறை சொல்ல? பின்னூட்டத்தில் நண்பர் ஒட்டியிருந்தது நல்லவேளையாக அங்கேயே இருந்தது. அதைத் தேடி எடுத்து, புதிய வார்ப்புருவின் அலங்காரப் பகுதிக்குள் ஒட்டினேன். நான்கு முறை 'பிழை' என்று திருப்பி அனுப்பியது. ஐந்தாம் முறை ஏற்றுக்கொண்டது. பேரன் போன வாரம் பார்த்தது அந்த வரியைத்தான்.

அதன் பிறகு உலகம் வேகமாக நகர்ந்தது. 2008ல் சஃபாரி, 2009ல் ஃபயர்பாக்ஸ் 3.5 என்று மற்ற உலாவிகளும் ஃபாண்ட்-ஃபேஸுக்குத் திரும்பி வந்தன. ஆனால் அவை இ.ஓ.டி. கோப்பைத் தொடவில்லை, வேறு வகைக் கோப்பு கேட்டன. இரண்டு முகவரியையும் அடுத்தடுத்துக் கொடுக்கலாம் என்றால், பழைய எக்ஸ்புளோரருக்கு ஒரு கோளாறு. முதல் அடைப்புக்குறி தொடங்கிக் கடைசி அடைப்புக்குறி வரை எல்லாவற்றையும் ஒரே முகவரி என்று படித்து, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று கையை விரிக்கும். 2011ல் இதற்கு ஒரு வைத்தியம் பரவியது. முதல் முகவரியின் முடிவில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது கோப்பின் பெயரில் சேராது என்பது விதி. ஆகவே பழைய எக்ஸ்புளோரர் மீதியைக் கண்டுகொள்ளாமல் சரியான கோப்பை எடுத்துக்கொள்ளும். புதிய உலாவிகள் அடுத்த முகவரிக்குப் போகும். ஒரு கேள்விக்குறியால் இரண்டு தலைமுறையைச் சமாளித்தார்கள்! அதே வருஷம் எக்ஸ்புளோரர் 9 புதிய வகைக் கோப்பையும் ஏற்றுக்கொண்டது. பிறகு கைப்பேசிகள் தமிழோடேயே வந்தன. தேனீக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இப்போது அந்தப் பாக்கிக் கணக்கு. சொந்தக் குறியீட்டில் எழுதி இயங்கு எழுத்துரு அனுப்பிய பக்கங்கள் என்ன ஆயின? எழுத்துரு போனதும் உரையும் போயிற்று. திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக ஏதோ வரும். சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் போட்டு மீட்டால்தான் உண்டு. தேனீயை நம்பிய பக்கங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் உமர் தம்பி உரையைத் தொடவில்லை. உரை யூனிகோடில் அதன் நிரந்தர எண்களோடு இருந்தது. இல்லாதவர்களுக்குக் கண்ணாடியை மட்டும் அவர் அனுப்பிவைத்தார். கண் சரியானதும் கண்ணாடியைக் கழற்றினார்கள்.

யூனிகோடும் பின்னோக்கிய இணக்கத்தில் பிடிவாதக்காரர்கள். ஓர் எழுத்துக்கு எண் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவதில்லை. 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். இரண்டும் சமம் என்பது விதி. 2005ல் 'ஶ' என்ற எழுத்தைச் சேர்த்த பிறகு, ஸ்ரீ என்பதை எழுத இரண்டு வழிகள் ஆயின. அதற்காகப் பழைய வழியை அடைக்கவில்லை. அதனால்தான் நான் 2004ல் எழுதிய ஸ்ரீரங்கம் இன்றும் ஸ்ரீரங்கமாகவே தெரிகிறது. தேடும்போது சில நேரம் தகராறு வரும். வரட்டும், படிக்க முடிகிறதே.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னபோது, "பழசை இழுத்துக்கிட்டே போனா புதுசு எப்படி சுத்தமா இருக்கும் தாத்தா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. "மேட்டூர்ல இன்னிக்கு எவ்வளவு தண்ணி?" என்று கேட்டேன். பார்த்துவிட்டு அடியில் சொன்னான். நாடு மெட்ரிக் அளவைக்கு 1956லேயே சட்டம் போட்டது. ஆனால் மேட்டூரின் முழு மட்டம் இன்னும் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., திறப்பு விநாடிக்கு இத்தனை கன அடி. ஆற்றோரத்தில் யாரும் கன மீட்டரில் கவலைப்படுவதில்லை. பழைய பதிவேடுகள், மதகின் அளவுகோல்கள், விவசாயியின் மனக்கணக்கு எல்லாம் அந்த அலகில் இருக்கின்றன. மாற்றினால் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு வருஷம் நாற்று காய்ந்தாலும் யார் பதில் சொல்வது?

மேட்டூர் அணையோடு 1934ல் கல்லணைக் கால்வாயைத் திறந்தார்கள். அதற்கு முன் தண்ணீர் பார்க்காத மேட்டு நிலங்களுக்காக வெட்டியது. தஞ்சாவூரில் இன்றும் அதற்குப் பெயர் புது ஆறு. தொண்ணூறு வயதாகிவிட்டது, இன்னும் புதிதாகவே இருக்கிறது. 'புதிய பிளாக்கர்' மாதிரி. வெட்டும்போது குறுக்கே வந்த ஓடைகளையும் வடிகால்களையும் அடைக்கவில்லை. கீழ்க்குமிழி கட்டி அடியில் விட்டார்கள், பாலம் கட்டி மேலே விட்டார்கள். வரைபடத்தில் பார்த்தால் அந்த இடங்கள்தான் அலங்கோலமாக இருக்கும். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், விளக்கக் குறிப்புகள் அடைசலாக இருக்கும். படியெடுக்கும்போது அங்கேதான் எனக்குக் கை வலிக்கும். ஆனால் அடைமழைக் காலத்தில் கரை உடையாமல் காப்பாற்றுவது அந்த அலங்கோலம்தான்.

பேரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி தாத்தா, ஆனா அந்த வரியை யாருமே படிக்கப் போறதில்ல. கீழ்க்குமிழி வழியா ஓட ஓடையே இல்லையே" என்றான். அதுவும் சரிதான். வாய்க்கால் தூர்ந்து போன இடத்தில் மதகைப் பராமரிக்க எங்கள் துறைகூடப் பணம் ஒதுக்காது.

தம்பிக்குத் தொலைபேசினேன். அவனும் ஊர் திரும்பிப் பல வருஷமாயிற்று, ஒரத்தநாட்டில் இருக்கிறான். "அம்மா பதிவை உன் கைப்பேசியில திறந்து பாருடா, தெரியுதா?" என்றேன். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.

"எழுத்தெல்லாம் நல்லாத்தான் தெரியுதுண்ணே. எனக்குத்தான் கண்ணாடி மாத்தணும்."

பேரனிடம், எடுத்துவிடச் சொன்னேன். அவன் எடுக்கும் முன் வார்ப்புரு முழுவதையும் ஒரு நகல் எடுத்து, தேதி போட்டு என் கணினியில் வைத்தான். நான் சொல்லவே இல்லை. அவனாகச் செய்தான்.